தொலைந்த புத்தகம் யார் தலையில்? சிங்கப்பூர் நூலகங்களில் ஓர் ஓய்வுபெற்ற நூலகர்

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய் எண்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, மூத்த பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று பொழுது சரியாக இருந்தது. மத்தியானம் தாயும் பிள்ளையும் கண்ணயரும் இரண்டு மணி நேரம் மட்டும் எனக்கு. என்னைப் போலவே பேரப்பிள்ளை பார்க்க வந்திருந்த பாட்டிமார்கள் தேக்கா சந்தைக்கும் வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் கூப்பிட்டார்கள். நான் அங் மோ கியோ நூலகத்துக்குப் போனேன். பகுதிநேர நூலகத்தில் வேலையைத் தொடங்கி, கிளை நூலகராக 2021இல் ஓய்வுபெற்றவள் நான். முப்பத்திரண்டு வருடம் பழைய காகித வாசனையில் இருந்தவளுக்குக் கால் வேறெங்கே போகும்?

உணவகத்துக்குப் போய் வந்தவர்கள் சாம்பாரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் ஓர் ஊரின் நூலகச் சேவையைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான். ஆனால் நானே சமையலறையில் நின்றவள். சாம்பாரை மட்டும் ருசி பார்த்துவிட்டு வர முடியவில்லை, அடுப்பு எப்படி எரிகிறது என்றும் எட்டிப் பார்த்தேன்.

முதல் நாள் வாசலிலேயே தடுமாறினேன். கையில் துணிப்பை. அதை எங்கே வைத்துவிட்டு டோக்கன் வாங்குவது என்று தேடினேன். அப்படி ஓர் இடமே இல்லை. கையெழுத்துப் போட நோட்டு இல்லை, பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மேசை இல்லை. எல்லோரும் பையை மாட்டிக்கொண்டே உள்ளே போகிறார்கள், பையோடு அலமாரிக்கு நடுவில் நடக்கிறார்கள், பையோடு வெளியே வருகிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எங்கள் நூலகத்தில் ஒரு வாசகர் பையோடு நாவல் அலமாரிக்குப் பின்னால் மறைந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை போலிருக்கிறது, பத்து நிமிடம் எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுற்றுலா வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து படிக்க எதுவும் தேவையில்லை. இரவல் வாங்கத்தான் உறுப்பினராக இருக்க வேண்டும். நான் மகளின் கணக்கில் பேரனோடு போய் எடுத்தேன். இரண்டாம் வாரம், அவன் பொறுக்கிய ஆறு படப் புத்தகங்களோடு இரவல் இயந்திரத்தின் முன் நின்றோம். நான் பயபக்தியோடு ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைத் திருப்பி, எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாட்டி, எல்லாத்தையும் ஒண்ணா வைங்க.”

“ஒண்ணா வெச்சா அதுக்கு எப்படிடா தெரியும்?”

அவன் ஆறையும் வாங்கி, தோசை அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். திரையில் ஆறு தலைப்பும் வந்தன. திருப்பித் தர வேண்டிய தேதி வந்தது. அவன் ஆறையும் தூக்கிக்கொண்டு நடந்தான். எனக்குக் கை வெறுமையாக இருந்தது. முத்திரை குத்தாமல் ஒரு புத்தகம் வெளியே போவதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

எங்கள் முறை இப்படி: புத்தகத்தின் பின்னட்டைப் பையிலிருந்து நூலட்டையை உருவி, உறுப்பினரின் சீட்டுக்குள் செருகி, தேதித்தாளில் முத்திரை குத்தி, சீட்டைத் தேதி வாரியாகத் தட்டில் அடுக்க வேண்டும். திருப்பி வரும்போது இதெல்லாம் தலைகீழாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், ஒருவர் என் மேசையிலேயே பேப்பர் படித்து முடித்துவிடுவார். அந்த வரிசையில் நிற்கும்போது ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று திரும்பிப் போன முகங்கள் எனக்குத் தெரியும்.

அவர்களுக்கும் வரிசைதான் தலைவலியாக இருந்திருக்கிறது. 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு மெல்லிய வானொலிச் சில்லை ஒட்டினார்கள். ஆர்எஃப்ஐடி என்கிறார்களே, அது. முழு நூலகத்துக்கும் அதைச் செய்தது உலகிலேயே அங்கேதான் முதலில். பட்டைக்கோடு என்றால் ஒவ்வொரு நூலாக ஒளியில் காட்ட வேண்டும். இந்தச் சில்லு அடுக்காக வைத்தாலும் தன் பெயரைச் சொல்லிவிடும். நூலைத் திருப்பித் தரச் சுவரில் ஒரு திறப்பு இருக்கிறது, உள்ளே விழும்போதே கணக்கில் வரவாகிவிடும். எந்தக் கிளையில் எடுத்ததையும் எந்தக் கிளையிலும் போடலாம். இரவு பத்து மணிக்கு, நூலகம் மூடிய பிறகு, மருமகன் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் போட்டுவிட்டு வருவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். புத்தகத்தை உள்ளே தள்ளிவிட்டு, ரசீதுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றிருக்கிறேன். “அத்தை, அவ்வளவுதான்” என்றார்.

சரி, இயந்திரத்தைப் பார்த்து வாய் பிளந்தது போதும். இயந்திரத்தை யாரும் வாங்கலாம். அதை எதற்கு வாங்குகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 1992இல் டான் சின் நாம் என்ற மூத்த அரசு அதிகாரியின் தலைமையில் ஒரு குழு போட்டு, 1994இல் ‘நூலகம் 2000’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதைத் தேடிப்பிடித்துப் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு நான்கு மத்தியானம் ஆனது.

அந்த அறிக்கைக்கு முன்னால் அங்கே நூலகங்கள் பாழடைந்து கிடக்கவில்லை. 1970இல் குவீன்ஸ்டவுன், 1974இல் தோ பாயோ, 1985இல் நான் தினமும் போன அங் மோ கியோ என்று கிளைகள் ஏற்கெனவே இருந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவைத்து ‘இது போதுமா’ என்று கேட்டிருக்கிறார்கள். அதுவே எனக்கு ஆச்சரியம். நம் பக்கம் கூரை ஒழுகினால்தான் கூட்டம் போடுவோம்.

அறிக்கை ஆறு விஷயங்களைச் சொல்கிறது. காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் பொது நூலக அமைப்பு, எல்லையில்லாத நூலகப் பின்னல், நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த நூல் சேகரிப்பு, சந்தையைப் பார்த்து நடக்கும் தரமான சேவை, வணிகத்தோடும் சமூகத்தோடும் உறவு, கடைசியாக உலகத்து அறிவை வாங்கி விற்கிற மாதிரி ஒன்று. இந்த ஆறாவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அறிவுக்குத் தரகா? நாலாவதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை, கோபமே வந்தது. நூலகத்தில் சந்தைக்கு என்ன வேலை என்று பென்சிலால் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

அப்புறம் செங்காங் நூலகத்துக்குப் போனேன், கோபம் கொஞ்சம் இறங்கியது. அது ஒரு பேரங்காடிக்குள் இருக்கிறது. செராங்கூன், கிளமெண்டி, சுவா சூ காங் இவையும் பேரங்காடிக்குள்தான். காய்கறிப் பையோடு வருகிறார்கள், பிள்ளையைக் கதைப் புத்தகத்தின் முன் உட்கார வைத்துவிட்டு மீன் வாங்கப் போகிறார்கள். 2019இல் திறந்த ஹார்பர்ஃபிரண்ட் நூலகம், செந்தோசாத் தீவுக்குப் போகிறவர்கள் அலைமோதும் விவோசிட்டிப் பேரங்காடியின் மேல்மாடியில், கடலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சந்தை என்று அவர்கள் சொன்னது இதைத்தான் என்றால் எனக்குச் சம்மதம். கூட்டம் எங்கே நடமாடுகிறதோ அங்கே போய்க் கடை போட்டிருக்கிறார்கள். என் கிளை நூலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்துக்குள், பழைய சத்திரத்துத் திண்ணையை ஒட்டி இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது ரேஷன் கடையின் பின்வாசல் என்றுதான் நினைப்பு.

மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேலே தேசிய நூலகம், நடுவில் பெரிய வட்டார நூலகங்கள், கீழே குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள சமூக நூலகங்கள். முதல் வட்டார நூலகம் தெம்பனிஸில் 1994 டிசம்பரிலேயே திறந்துவிட்டது, அதாவது அறிக்கை வந்த அதே ஆண்டு. மறு ஆண்டு, 1995 செப்டம்பர் 1ஆம் தேதி, சட்டம் போட்டுத் தேசிய நூலக வாரியத்தை அமைத்தார்கள். அறிக்கை, ஒரு மாதிரி நூலகம், அதை நடத்த ஓர் அமைப்பு, மூன்றும் இரண்டு வருடத்துக்குள். ஒரு திட்டத்தை எடை போட என்னிடம் கேட்டால் இந்த இடைவெளியைத்தான் முதலில் அளப்பேன். எழுதினவர்கள் பதவியில் இருக்கும்போதே ஒரு கதவாவது திறந்ததா என்று.

செங்காங்கில் இன்னொரு சங்கதி. 2002இல் அதைத் திறந்தபோது உள்ளே ஊழியரே இல்லாமல் திறந்தார்கள். உதவி வேண்டுமென்றால் தொலைபேசி. அப்படி ஒரு நூலகத்தைச் சிந்திக்கவே எனக்குக் கூசியது. நூலகர் இனத்தையே கணக்கிலிருந்து கழித்துவிட்டார்களே! ஆனால் யோசித்தால், முப்பத்திரண்டு வருடத்தில் நான் நூலகராக இருந்த நேரம் எவ்வளவு? முத்திரை குத்தின நேரம், பதிவேட்டில் கூட்டல் போட்ட நேரம், பையைக் காவல் காத்த நேரம் எல்லாம் போக, ஒரு வாசகரிடம் ‘இதைப் படித்தீர்களா, அப்படியானால் இதையும் பாருங்கள்’ என்று சொன்ன நேரம் நாளைக்குக் கால் மணி இருக்குமா? சந்தேகம்தான்.

காவல் என்ற வார்த்தை வந்துவிட்டதால் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

எங்கள் நூலகத்தில் 2009இல் இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. மூன்று நாள், இரண்டு பேர் வந்து, நூல் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு அலமாரியில் தேடினார்கள். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து 137 புத்தகம் குறைந்தது. அதில் பாதிக்கு மேல் கையில் எடுத்தால் உதிர்கிற மாத நாவல்கள், சில குட்டிப் பாட்டுப் புத்தகங்கள். கரையான் தின்றதை எங்கே காட்டுவது? ஆனால் எண் என்றால் எண். தொகையைக் கணக்குப் போட்டு என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்காரர் “நீ படிக்கக் கொடுக்கப் போனியா, காசு கொடுத்துட்டு வரப் போனியா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரமே நான் மாறிவிட்டேன். பத்துத் தொகுதி கொண்ட அறிவியல் களஞ்சியம் ஒன்று வந்திருந்தது. வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். இரவல் தருகிற வகையில்தான் அது வந்தது. நான் சிவப்பு மையில் ஒவ்வொரு தொகுதியின் உள்பக்கத்திலும் ‘மேற்கோள் நூல், இரவல் இல்லை’ என்று எழுதி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் முந்தானையில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பையன் வருவான், பேருந்து நிலையத்தில் இஞ்சி மரப்பா விற்கிறவரின் மகன். பீரோவின் முன்னால் குந்திக்கொண்டு, கண்ணாடி வழியாக முதுகுப்பட்டைகளைப் படிப்பான். முதல் தொகுதியில் அண்டம், இரண்டாவதில் கடல்கள். “அக்கா, தொறங்கக்கா” என்று இரண்டு தடவை கேட்டான். “சாவி ஆபீஸ்ல இருக்கு” என்றேன். ஆபீஸ் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. பீரோவுக்கு மேலே சுவரில் ரங்கநாதனின் ஐந்து விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே.

ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, வாசகர்கள் அலமாரிக்குள் கைவிட்டுத் தாங்களே எடுக்கட்டும் என்று திறந்துவிட்டவர். 1931இல் அந்த ஐந்து விதிகளை எழுதினார். நான் அவர் விதிகளுக்குக் கீழேயே பூட்டுப் போட்டேன்.

இப்போது அங் மோ கியோவில் டோக்கன் இல்லாத வாசலைப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான். ஒரு நூலக அமைப்புக்குத் திட்டம் எழுத உட்காருகிறவர்கள் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது கட்டடத்தையோ கணினியையோ பற்றி இல்லை. புத்தகம் தொலைந்தால் யார் தலையில் விழும் என்பதை. அதற்குப் பதில் ‘நூலகர் தலையில்’ என்று இருந்தால், மீதிப் பக்கங்களில் என்ன எழுதினாலும் அந்த நூலகர் ஒரு பீரோவைத் தேடிக்கொள்வார். வாசகரே தன் கையால் ஆறு புத்தகத்தை ஒன்றாக வைத்து எடுத்துக்கொண்டு போகிற ஏற்பாட்டில், நூலகரின் சம்பளத்தில் கைவைக்கிற விதி இருந்தால் அது ஒரு நாள்கூட ஓடாது. சில்லும் இயந்திரமும் அப்புறம்தான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணமும் தேவையில்லை. நம் மத்திய அரசின் பொது நிதி விதிகளில், 2017 பதிப்பின் 215ஆம் விதியில், ஆண்டுக்கு ஆயிரம் நூல் புழங்கினால் ஐந்து நூல் தொலைவது இயல்பு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நேர்மைக்கேடோ அலட்சியமோ இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ போனால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். அது மத்திய அரசு அலுவலக நூலகங்களுக்கான விதி, என்னைக் கட்டாது. ஆயிரத்துக்கு ஐந்து என்று பார்த்தால் நான் பாஸ் ஆகியிருப்பேனா என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாராளமாக ஆகியிருப்பேன்.

தமிழ் அலமாரிக்கு வருகிறேன். அங்கே ஆட்சிமொழிகள் நான்கு, அதில் தமிழ் ஒன்று. அதனால் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் தயவில் இல்லை, உரிமையில் இருக்கின்றன. அங் மோ கியோவில் தமிழ் வாசகர் வட்டமும் கூடுகிறது. 2015இல், சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அந்த ஐம்பது வருடத்தில் அங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிச் சேகரித்து மின்வடிவமாக்கினார்கள். தமிழ்ச் சமூகத்துத் தன்னார்வலர்கள் முன்னின்று செய்ய, நூலக வாரியம் தோள் கொடுத்தது. அறிக்கையின் ஐந்தாவது விஷயம், சமூகத்தோடு உறவு என்று எழுதியிருந்தார்களே, அது இப்படித்தான் நடக்கும்போலும். சிங்கப்பூர் நாளிதழான ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களையும் இணையத்தில் தேடிப் படிக்கலாம். என் அப்பா காலத்து மலாயாச் செய்திகளைத் தேடித் தேடி இரண்டு மத்தியானம் போனது, குழந்தை அழுததும் ஓடிவந்தேன்.

தமிழ் அலமாரியின் முன் நின்றால் என் கை சும்மா இருக்காது. முதுகுப்பட்டைகளை விளிம்போடு இழுத்து நேர்படுத்திக்கொண்டே போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர், அந்த ஊர்க்காரர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நீங்க இங்கே தொண்டூழியரா?” என்று கேட்டார். தொண்டூழியர்! நாம் தன்னார்வலர் என்று சொல்வது அங்கே தொண்டூழியர். சைனாடவுனில் 2013இல் திறந்த நூலகத்தை முழுக்கவே தொண்டூழியர்களை நம்பித் தொடங்கினார்கள் என்று அவர்தான் சொன்னார். பிறகு அரை மணி நேரம், தனக்கு எந்த மாதிரி நாவல் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னார். நானும் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். எண்பது நாளில் நான் செய்த நூலக வேலை அதுதான். இயந்திரத்துக்கு முன்னால் யாரும் அரை மணி நேரம் நின்று தன் ருசியைச் சொல்ல மாட்டார்கள். ஊழியரைக் குறைத்து மிச்சப்படும் நேரத்தை இந்த அரை மணிக்குத்தான் திருப்பிவிட வேண்டும், அதைத் திட்டத்திலேயே எழுதிவைக்காவிட்டால் மிச்சம் வேறெங்காவது போய்விடும்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இலிருந்து இருந்த செங்கல் நூலகத்தை, சுரங்கச் சாலைக்காக 2004இல் மூடி இடித்தார்கள். மறு ஆண்டே விக்டோரியா தெருவில் பதினாறு மாடியில் புதிய தேசிய நூலகம் வந்துவிட்டது, அழகான கட்டடம், உள்ளே காற்று நடமாட இடம்விட்டுக் கட்டியது. ஆனாலும் அந்தச் செங்கல் படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய வாசல் தூண்கள் மட்டும் பல்கலைக்கழக வளாகத்து ஓரத்தில் நிற்கின்றன, கதவு இல்லாத வாசல். அப்புறம் 2014இல், ஒரு புகாரின்பேரில் மூன்று சிறுவர் நூல்களை எடுத்துக் கூழாக்க முடிவு செய்து, ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி, இரண்டைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினார்கள். மூன்றாவது அதற்குள் கூழாகிவிட்டது. ஆறு விஷயங்கள் கொண்ட அறிக்கையில், ‘ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கும் முன் யாரைக் கேட்பது’ என்று ஏழாவதாக ஒன்று இருந்திருக்கலாம்.

இனி நம் ஊர். பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. ரங்கநாதன் அதற்காக வருடக்கணக்கில் அலைந்தார். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா இன்று நூலக வரியாகச் சேர்கிறது. யாரிடமும் கையேந்தாமல் நூலகத்துக்கென்றே வருகிற காசு. அந்தக் காசை வசூலிக்கிற உள்ளாட்சிகள் ஒழுங்காக, நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகின்றனவா என்பது தனிக் கதை, அதை எழுத ஆரம்பித்தால் ரத்த அழுத்த மாத்திரை தேவைப்படும். கட்டடம் கட்டவும் நமக்குத் தெரியும். கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். மதுரைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சிறுவர் பகுதியிலிருந்து அவனை இழுத்து வரப் படாதபாடு பட்டேன், சிங்கப்பூருக்குச் சளைத்ததில்லை.

ஆனால் சிங்கப்பூர்க்காரர்கள் மூன்று அடுக்கையும் ஒரே மூச்சில் யோசித்தார்கள். நாம் மேல் அடுக்கைப் பளிங்கில் இழைத்துவிட்டு, கீழ் அடுக்கைப் பகுதிநேரத்தில் விட்டுவிடுகிறோம். 2006இலிருந்து அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் என்று தொடங்கினார்கள். எவ்வளவு பெரிய கனவு! என் புகுந்த ஊரிலும் ஒன்று கட்டினார்கள். இப்போது அதில் தேர்தல் சமயத்துச் சாமான்கள் கிடக்கின்றன, வாசலில் ஆடு கட்டுகிறார்கள். கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் காசு ஒதுக்கியவர்கள், தினமும் யார் கதவைத் திறப்பது என்பதை யாருக்கோ விட்டுவிட்டார்கள்.

நேரமும் அப்படித்தான். அங்கே பெரும்பாலான கிளைகள் இரவு 9 மணி வரை. எங்கள் கிளை காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 8. வேலைக்குப் போகிறவருக்குக் காலையும் உதவாது, பள்ளிப் பிள்ளைக்கு வெயில் தாழும்வரை உதவாது. இந்த மணிக்கணக்கை யார், எந்த வாசகரைக் கேட்டு வைத்தார்கள் என்று வேலையில் இருந்தவரை நானும் கேட்டதில்லை. வருகைப் பதிவேடு என் மேசையிலேயே இருந்தது. எந்த மணிக்கு எத்தனை பேர் என்று ஒரு மாதம் எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டி மேலே அனுப்பியதோடு சரி.

மதிப்பெண் கேட்டால், சிங்கப்பூர் நூலகத்துக்கு வாசலுக்கும் திருப்பித் தருகிற சுவர்த் திறப்புக்கும் பத்துக்குப் பத்து. ஆளோடு பேசுகிற விஷயத்துக்கு ஏழு. தேதித்தாள் இல்லாததற்கு என் சொந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண் குறைப்பேன், ஒரு புத்தகம் எத்தனை கை மாறியிருக்கிறது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற சுகம் எந்தத் திரையிலும் வராது. போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே குளிர் எலும்பைத் தொடுகிறது. பரீட்சைக் காலத்தில் நாற்காலிக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம் என் பழைய கிளைக்குப் போனேன். இப்போது இருப்பவள் முப்பது வயதுப் பெண், நூலக அறிவியலில் முதுகலை முடித்தவள், சுறுசுறுப்பு. டீ வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடி பீரோ அதே இடத்தில் இருந்தது, சாவி இப்போது சுவர் ஆணியில். திறக்கச் சொன்னேன். இரண்டாம் தொகுதியை எடுத்தேன், கடல்கள். உள்ளே என் கையெழுத்து, சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதித்தாள் அப்படியே வெள்ளையாக இருந்தது.

“இதையெல்லாம் வெளியே வெச்சிடும்மா. இரவல் கொடுக்க வந்ததுதான் இது. நான்தான் மாத்தி எழுதினேன்” என்றேன்.

அவள் தொகுதியை வாங்கித் தடவிப் பார்த்தாள். தாள் இன்னும் வழவழப்பாகவே இருந்தது.

“வைக்கலாம் மேடம்” என்றாள். “ஒண்ணு தொலைஞ்சா யார் கட்டறது?”